மூச்சை இழுக்காதீங்க, விடுங்க

படபடப்பு வந்தவரைப் பார்த்ததும் பக்கத்தில் இருப்பவர் சொல்வது, "மூச்சை நல்லா இழுத்து விடு". அதில் பாதிதான் சரி. பதற்றத்தில் இருப்பவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். இன்னும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனி மரத்துப்போகும், உதட்டைச் சுற்றி ஊறும், தலை கிறுகிறுக்கும். 'ஐயோ, ஏதோ ஆகுது' என்ற பயம் அதனாலேயே கூடும். வெளியே விடும் மூச்சு நீளும்போதுதான் இதயத் துடிப்பு தணியும்.

இரண்டு பாதமும் தரையில் படும்படி நாற்காலியில் உட்காருங்கள். ஒரு கையைத் தொப்புளுக்குச் சற்று மேலே வையுங்கள். மூக்கு வழியாக 4 விநாடி இழுக்கும்போது அந்தக் கை எழ வேண்டும்; தோள் எழுந்தால் தப்பு. பிறகு உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுகிற வேகத்தில் 6 விநாடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். 5 நிமிடம் போதும். 6 விநாடி திணறினால் 3 இழுத்து 4 விடுங்கள். உள்ளே பிடித்து அடக்க வேண்டாம், பதற்றக்காரர்களுக்கு அது பெரும்பாலும் ஒத்துவராது. தலை சுற்றினால் ஆழமாக இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். அளவைக் குறையுங்கள், வேகத்தைக் கூட்டாதீர்கள். மனசு சும்மா இருக்கும் நேரத்தில் காலை, மாலை என்று பழக வேண்டும். பதறும்போது மட்டும் எடுத்தால் கைகொடுக்காது, 'இதெல்லாம் வேலைக்கு ஆகாது' என்று விட்டுவிடுவீர்கள்.

அடுத்து டீ, காபி. மதுரை மாசி வீதிக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு எண்ணிக்கையே தெரியாது, டம்ளர் வந்துகொண்டே இருக்கும். குடித்த காஃபீனில் பாதி வெளியேறவே சராசரியாக 5 மணி நேரம் ஆகும். சாயங்காலம் 6 மணி ஸ்ட்ராங் காபியில் பாதி 11 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கை நடுக்கம், நெஞ்சுத் துடிப்பு எல்லாம் அதுவும் தரும், கவலையும் தரும். எது எதனால் என்று பிரிக்க முடியாது. ஆனால் ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி மண்டையைப் பிளக்கும். மூன்று நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறையுங்கள், மதியம் 2 மணிக்குப் பின் வேண்டாம். சாயங்காலத்துக்குத்தான் நம்ம ஊரில் பருத்திப்பால் இருக்கிறதே! சர்க்கரை நோய் இருந்தால் அதில் வெல்லம் இருப்பதை மறக்காதீர்கள். சுக்குமல்லிக் காபியில் சில இடங்களில் காபித்தூளும் கலப்பார்கள், கேட்டுக்கொண்டு குடியுங்கள்.

தூங்கா நகரம் என்று பெருமை பேசுகிறோம். ராத்திரி 11 மணிக்கு சால்னாவில் ஊறிய பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்தால் அமிலம் மேலேறி நெஞ்சு எரியும். அதை மாரடைப்பு என்று நினைத்துப் பயந்து விடியும்வரை விழித்திருப்பவர்கள் உண்டு. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே 2, 3 மணி நேரம் விடுங்கள். ஆனால் நெஞ்சில் பாரம் வைத்ததுபோல அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை என்றால் மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

நடைக்கு வண்டியூர் தெப்பக்குளம் போதும். ஒரு பக்கம் ஏறக்குறைய 1,000 அடி. ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேலேயே வரும். இரண்டு சுற்றில் அரை மணி நேரம் ஆகிவிடும். சித்திரை, வைகாசியில் வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். போனில் கடன் விவகாரம் பேசிக்கொண்டே நடப்பதை நான் நடையாகச் சேர்ப்பதில்லை.

கவலையை விரட்ட முடியாது, அதற்கு நேரம் ஒதுக்கலாம். சாயங்காலம் 15 நிமிடம், ஒரு நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடது பக்கம் கவலை. வலது பக்கம் நாளைக்குச் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலை. 'நகை ஏலத்துக்குப் போயிருமோ' என்பதற்கு எதிரே 'காலை 11 மணிக்கு பேங்கில் தவணை கேட்கணும்'. செய்ய எதுவுமில்லை என்றால் 'என் கையில் இல்லை' என்று எழுதி நோட்டை மூடுங்கள். மற்ற நேரத்தில் கவலை தலைகாட்டினால் 'ஆறு மணிக்கு வா'. பலர் இதைப் படுக்கையில் செய்து தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். படுத்து 20 நிமிடம்போலத் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கியதும் திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். எவ்வளவு கெட்ட ராத்திரியானாலும் காலையில் எழும் நேரம் மாறக்கூடாது.

இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் இதே நிலைமை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டுங்கள். தைராய்டும் ரத்தசோகையும் இதே படபடப்பைத் தரும், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளத் தோன்றினால் காத்திருக்க வேண்டாம்; டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரை வாங்காதீர்கள். சில வாரத்திலேயே உடம்பு பழகிவிடும். ஏற்கெனவே பழகியிருந்தால் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அட்டையைக் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டி, படிப்படியாகக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.