ரெண்டு சென்னுக்கு ஒரு ஹாட்ஃபிக்ஸா?

கோலாலம்பூரில் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் செய்கிற சின்ன டீம் எங்களுடையது. அதன் 4.2 பதிப்பு வெளியான கையோடு மஸ்ஜித் இந்தியா துணிக்கடைக்காரர் ஒருவர் போன் போட்டார்: "என்ன தம்பி, கார்டு கணக்கு தினமும் உதைக்குதே?" ரொக்கத்துக்கு மட்டும் செய்ய வேண்டிய ஐந்து சென் ரவுண்டிங்கை (மொத்தத் தொகையைப் பக்கத்து ஐந்து சென்னுக்குச் சரிக்கட்டுவது), 2008இல் இருந்து இங்கே இருக்கிற அதே வழக்கத்தை, 4.2 கார்டுக்கும் செய்துகொண்டிருந்தது. பில் 47.92 வெள்ளி (ரிங்கிட்) என்றால் கார்டு மெஷின் சரியாக 47.92 எடுக்கிறது, எங்கள் கணக்கிலோ 47.90 என்று விழுகிறது.

கோளாறைக் கண்டுபிடிப்பது பெரிய வேலையாக இல்லை. இந்தத் திருத்தத்தை மட்டும் உடனே 4.2.1 என்று அவசரப் பதிப்பாக (ஹாட்ஃபிக்ஸ்) விடுவதா, மாதக் கடைசி 4.3இல் சேர்ப்பதா என்பதில்தான் உயிர் போனது. "ரெண்டு சென்தானே, 4.3ல போகட்டும்" என்றார் மேனேஜர். தொகை சின்னதுதான், ஆனால் ஒவ்வொரு நாளும் தப்பான பதிவு சேர்ந்துகொண்டே போகிறது, கடைக்காரருக்கு மாற்று வழியும் இல்லை. ரவுண்டிங்கை மொத்தமாக அணைத்தால் ரொக்கத்தில் மீதி கொடுக்க ஒரு சென் காசுக்கு எங்கே போவது? இதைக் கேட்ட பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற மாதிரி ஆளாளுக்கு ஏறப் பார்த்தார்கள். "அப்படியே ரசீதில் புது லோகோவையும் போட்டுடலாமே" என்று ஒருவர், ரிப்போர்ட் பக்கத்தின் வேகத்தைக் கூட்டிவிடலாம் என்று இன்னொருவர். முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லியே தொண்டை வற்றியது. இது போதாதென்று முதல் பில்டை (ஓட்டிப் பார்க்கத் தொகுத்த மென்பொருளை) யாரோ, 4.3 வேலை நடக்கிற மெயின் கிளையில் இருந்தே எடுத்துவிட்டார்கள். அதில் 4.3க்கான டேட்டாபேஸ் மாற்றம் ஏறியிருந்ததால் டெஸ்ட் மெஷின் திரும்ப 4.2க்கு இறங்க மறுத்தது.

அதனால் ஹாட்ஃபிக்ஸ் என்றால், 4.2.0 டேகில் (வெளியான பதிப்பின் கோடுக்கு வைத்த அடையாளம்) இருந்து தனிக் கிளை பிரித்து, திருத்தத்தை மட்டும் செர்ரி-பிக் செய்யுங்கள், அதாவது அந்த ஒரு மாற்றத்தை மட்டும் எடுத்து ஒட்டுங்கள். அதுவும் எங்களுக்கு லேசில் அமையவில்லை. திருத்தியவர் அதே கமிட்டில் (சேமித்த மாற்றத்தில்) ஃபைல் முழுவதையும் அழகுபடுத்தி வைத்திருந்தார், அதனால் இரண்டு கோடும் ஒத்துப்போகாமல் ஏகப்பட்ட கான்ஃப்ளிக்ட். கடைசியில் கையாலேயே எழுதினேன். ரவுண்ட் செய்வதற்கு முன்னால் பணம் செலுத்தும் முறை ரொக்கமா என்று பார்க்கிற ஒரே ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். டெஸ்ட் செய்கிற அக்கா, மாறிய வரிகளைக் காட்டும் அந்த டிஃப்பைப் பார்த்துச் சிரித்தே விட்டார்.

மற்ற கடைகளில் அப்டேட் தானாக இறங்கியது. ஒரு கடையில் மட்டும் இறங்கவில்லை என்று எல்ஆர்டி ரயில் பிடித்து மஸ்ஜித் ஜமேக்கில் இறங்கி வெயிலில் நடந்து போனால், அட்மின் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் லீவில் ஊருக்குப் போய்விட்டாராம். கிளம்பும் முன் இதைப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, திருத்தத்தை அன்றைக்கே மெயினிலும் சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் 4.3 வந்ததும் அதே கோளாறு திரும்பி வந்து நிற்கும். ஏற்கெனவே தப்பாக விழுந்த பழைய பதிவுகளைச் சரிசெய்யும் ஸ்கிரிப்ட்டை மட்டும் 4.3க்குத் தள்ளினோம். அதை அவசரமாகத் தொட்டால் ஆபத்து என்று மேனேஜர் சொன்னார், இந்த முறை நானும் தலையாட்டினேன்.