உணவக வேலைகள் போச்சாம்: கணக்குப் பார்த்த அனுபவம்

கலிஃபோர்னியாவில் துரித உணவக ஊழியர்களுக்கு மணிக்குக் குறைந்தபட்சம் 20 டாலர் சம்பளம் என்ற சட்டம் 2024 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. நாடெங்கும் குறைந்தது 60 கிளைகள் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். அதையொட்டி எங்கள் பக்கம் ஒரு வணிகர் சங்கம் துண்டறிக்கை போட்டது. சம்பள உயர்வால் மாநிலத்தில் கிட்டத்தட்ட 10,000 வேலை போய்விட்டதாம், எங்கள் ஊரிலும் அதே கதையாம். ஆதாரம் என்ற இடத்தில் 'அரசுப் புள்ளிவிவரம்' என்று இருந்தது, அவ்வளவுதான். எந்த அட்டவணை, எந்த மாதம் என்று கேட்டதற்கு, "தளத்தில் இருக்கிறது, தேடிக்கொள்ளுங்கள்" என்றார்கள்.

சரி, தேடுவோம் என்று வேலைவாய்ப்புப் புள்ளிவிவரம் வெளியிடும் மாநில அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நெடுநேரம் இசை கேட்க வைத்த பிறகு எடுத்தவர், தளத்தின் முகப்பு முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நகர அளவில் கணக்கு கிடையாது, கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அளவில்தான் உண்டு என்ற ஒரு வரியை அவர் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு மாலைப்பொழுது மிச்சமாகியிருக்கும்.

கவுண்டிக் கணக்கு வேலையின்மைக் காப்பீட்டு வரிப் பதிவுகளிலிருந்து வருகிறது. மாதிரிக் கணிப்பு இல்லை என்பதால் நம்பகமானது. ஆனால் காலாண்டு முடிந்து ஐந்தாறு மாதம் காத்திருக்க வேண்டும். துரித உணவகத்துக்கான தொழில் குறியீட்டு எண் 722513-ஐப் போட்டால் சிறிய கவுண்டிகளில் கட்டத்தையே மறைத்திருப்பார்கள், தனி நிறுவனத்தின் விவரம் வெளியே தெரியக் கூடாது என்பதற்காக. 722 என்ற பெரிய பிரிவுக்கு மேலே போனால் எண் கிடைக்கும். ஆனால் அதில் கேட்டரிங், மதுக்கூடம் எல்லாம் சேர்ந்திருக்கும்.

மாதாமாதம் வரும் மாநிலக் கணக்கில்தான் குட்டு உடைந்தது. துண்டறிக்கைக்காரர்கள் எடுத்தது 2023 செப்டம்பர் முதல் 2024 ஜனவரி வரை. சட்டம் அமலாவதற்கு முன்னாலேயே முடிகிற கணக்கு! கையெழுத்தானதே செப்டம்பரில்தான், முன்கூட்டியே ஆளைக் குறைத்தார்கள் என்று வாதாடலாம். ஆனால் உணவகங்களில் குளிர்காலம் வந்தால் வேலை குறைவது வழக்கம். முந்தைய வருடங்களைப் போட்டுப் பார்த்தேன், அதே இறக்கம். அவர்கள் பருவகாலத் திருத்தம் செய்யாத, அதாவது இந்த வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கழிக்காத, எண்ணை எடுத்திருக்கிறார்கள். மாநிலக் கணக்கின் ஒவ்வொரு எண்வரிசைக்கும் உள்ள குறியீட்டில் மூன்றாவது ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: 'யு' (U) என்றால் திருத்தாதது, 'எஸ்' (S) என்றால் திருத்தியது. திருத்தாததுதான் கையில் இருக்கிறதென்றால் ஜனவரியை ஜனவரியோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

இதனால் சம்பள உயர்வு யாரையும் பாதிக்கவில்லை என்று ஆகிவிடாது. இந்த எண்கள் வேலைகளைத்தான் எண்ணுகின்றன. வாரம் 35 மணி நேரம் பார்த்தவருக்கு 20 ஆகக் குறைத்தாலும் அது ஒரு வேலைதான். இரண்டு கடையில் வேலை செய்பவர் இரண்டாக வருவார்.

எல்லாவற்றையும் எழுதிச் சங்கத்துக்கு அனுப்பினேன். பதில் இல்லை. அடுத்த துண்டறிக்கையில் மட்டும் அந்த 10,000 காணோம்.

இறக்கிய கோப்பில் மறக்காமல் தேதி போட்டு வையுங்கள். மாநில மாதாந்தரக் கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை அந்த வரிப் பதிவுகளோடு சேர்த்துத் திருத்துவார்கள்; பழைய மாதங்களின் எண்களும் மாறிவிடும்.