பச்சை டூர்மலின்: முனைக் கருப்பு போனது, 3.6 மி.மீ. நீளமும் போனது

டூர்மலின் ஒரு ரத்தினக் கல். நான் பட்டை தீட்ட எடுத்தது 19 மி.மீ. நீளப் படிகம். பக்கவாட்டில் பார்த்தால் அருமையான இலைப்பச்சை, முனை வழியாகப் பார்த்தால் தார் மாதிரி கருப்பு. டேபிளை (மேலே உள்ள பெரிய தட்டைப் பட்டையை) நீளவாக்கில் வைத்ததில் பிழையில்லை. பெவிலியனின் (கல்லின் கீழ்ப்பாதியின்) இரண்டு முனைப் பட்டைகளையும் 45 டிகிரியில் வெட்டியதுதான் தவறு. அந்தக் கோணத்தில் திரும்பும் ஒளி படிகத்தின் நீள அச்சு வழியாகவே ஓடுகிறது. டேபிளுக்கு மெருகேற்றியதும் நடுவில் பச்சை, இரு முனையிலும் கரித்திட்டு.

மருந்து ஒன்றுதான்: முனைகளை 70 டிகிரிக்குச் செங்குத்தாக்குவது. ஆனால் இடைக்கோட்டை (மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேரும் விளிம்பை) அப்படியே வைத்துக்கொண்டு 45ஐ 70 ஆக்க முடியாது, அந்த இடத்தில் கல்லே இல்லை. பெவிலியன் ஆழம் 2.8 மி.மீ. 45 டிகிரியில் கீழ்விளிம்பின் (அடியில் நீளவாக்கில் ஓடும் கூரின்) நுனி இடையிலிருந்து 2.8 மி.மீ. உள்ளே இருக்கும், 70 டிகிரியில் 1 மி.மீ.தான். அந்த வித்தியாசம், முனைக்கு 1.8, இடையிலிருந்துதான் போகும். முதல் வெட்டில் 16.0 மி.மீ. இருந்த கல் 12.4 ஆகிவிட்டது. வலித்தது, ஆனால் கரித்திட்டு சுத்தமாகப் போய்விட்டது.

இப்படி மறுபடி வெட்ட, கல்லைக் கருவியின் பிடிகோலில் திரும்ப ஒட்டும்போதுதான் கவனம் வேண்டும். சூடு வேண்டாம், எபாக்ஸி போதும். ஒட்டிய பிறகு, ஏற்கனவே மெருகேறிய நீளப் பட்டை ஒன்றை (43 டிகிரி, இண்டெக்ஸ் 96, அதாவது கல்லைச் சுற்றும் பற்சக்கரத்தின் 96ஆம் பல்) 3000 நம்பர் தேய்ப்புத் தட்டில் ஒரு நொடி தொட்டுப் பார்க்க வேண்டும். மங்கல் பட்டை முழுக்கச் சமமாக விழுந்தால் ஒட்டு நேர். ஒரு ஓரத்தில் மட்டும் விழுந்தால் சீட்டரை (கல்லின் சுழற்சியை நுணுக்கமாக மாற்றும் திருகை) திருப்பிச் சரிசெய்துவிட்டு மறுபடி தொட வேண்டும். இந்தக் கல்லுக்கு நான்கு முறை தொட வேண்டியிருந்தது. அதன் பிறகே முனைப் பட்டைகள், இண்டெக்ஸ் 24, 72. நீளப் பட்டைகள் 40, 43, 47 டிகிரி. டூர்மலினின் எல்லைக் கோணம் (இதற்குக் கீழே வெட்டினால் ஒளி திரும்பாமல் அடிவழியாக வெளியேறிவிடும்) ஏறக்குறைய 38, ஆகவே 40க்குக் கீழே போகக் கூடாது.

மெருகுக்கு வெள்ளீயத் தட்டில் அலுமினா. 3000க்குப் பிறகு கோடு விடாப்பிடியாக நின்றால் தட்டை மாற்றாதீர்கள், முதலில் தேய்க்கும் திசையை மாற்றிப் பாருங்கள்.

கல் வாங்கும்போது பக்கவாட்டில் வெளிச்சம் பாய்ச்சிய படத்தை மட்டும் நம்பக் கூடாது. முனை வழியாக எடுத்த படத்தையும் கேட்டு வாங்க வேண்டும். பச்சை, பழுப்பு, இண்டிகோலைட் என்ற நீலம் மூன்றுக்கும் இது கட்டாயம். சிவப்பு ரூபெலைட்டில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதில் விரிசல் அதிகம்.

அடுத்து வாட்டர்மெலன் துண்டு ஒன்று காத்திருக்கிறது, உள்ளே இளஞ்சிவப்பு, வெளியே பச்சை. இரண்டு நிறமும் சேரும் வளையத்தில்தான் கல்லுக்குள் இழுவிசை, விரிசல் அங்கிருந்தே கிளம்பும். அதனால் பட்டை போடாமல், படிகத்தின் குறுக்கே 3 மி.மீ. தடிமனில் தகடாக அறுத்து இரு பக்கமும் மெருகேற்றுவதாகத் திட்டம்.

அதற்கு முன் இந்தப் பச்சைக்குக் கிரவுன் (மேல்பாதி) முனைப் பட்டைகள் நான்கு பாக்கி.