‘குறைவு’ என்ற மதிப்பீட்டைப் பிரித்துப் படித்தபோது

டர்பனுக்கு அப்பால் ஆழ்கடலில் எண்ணெய் ஆய்வுக் கிணறு தோண்ட ஒரு நிறுவனம் அனுமதி கோரியபோது, கரைவலை இழுக்கும் சில குடும்பங்களுக்காகச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையைப் படித்துக் கருத்து எழுதும் பொறுப்பை ஏற்றேன். தென்னாப்பிரிக்க விதிகளின்படி, பாதிக்கப்படக்கூடிய தரப்பாகப் பதிந்துகொள்பவருக்கு வரைவறிக்கையைப் பரிசீலிக்கக் குறைந்தது 30 நாள் அவகாசம் உண்டு. பதிவுக்கு ஒரு மின்னஞ்சலே போதுமாயிருந்தது.

சுருக்கவுரை கசிவின் அபாயத்தைக் ‘குறைவு’ என்றது. நிகழும் வாய்ப்பு மிகச் சிறிது, நிகழ்ந்தால் சேதம் மிகப் பெரிது என்ற இரண்டையும் ஒரே அட்டவணையில் சேர்த்து, தடுப்பு நடவடிக்கைகள் அனைத்தும் பலிக்கும் என்று கொண்டு பெற்ற சொல் அது. எனவே பின்னிணைப்பிலிருந்த கசிவுக் கணிப்புக்குச் சென்றேன்.

காற்றையும் நீரோட்டத்தையும் மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான கசிவுகளைக் கணினியில் ஓடவிட்டு, எந்த இடத்தை எண்ணெய் எட்டக்கூடும் என்பதை நிகழ்தகவாக வரைந்திருந்தார்கள். வண்ணமிட்ட பரப்பு முழுவதும் ஒரே கசிவில் நனையும் என்று எண்ணிப் பலர் அஞ்சினார்கள். கவனிக்க வேண்டியவையோ அதன் அடியில் இருந்த அனுமானங்கள். கரையில் சதுர மீட்டருக்கு 10 கிராம் எண்ணெய் படிந்தாலே பாதிப்பாகக் கொண்டார்களா, 100 கிராமைத் தாண்டினால்தானா என்பதைப் பொறுத்தே பாதிக்கப்படும் கரையின் நீளம் மாறிவிடும். ஆண்டு முழுவதற்குமான சராசரியும் எங்களுக்குப் பயன்படாது. சாளைக் கூட்டம் கரையோரம் வருவது பெரும்பாலும் இங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில்தான்.

எல்லாவற்றினும் முக்கியமானது கிணறு எத்தனை நாள் பீறிடும் என்ற கணக்கு. மெக்சிகோ வளைகுடாவில் 2010இல் டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை விபத்துக்குப் பின் கசிவை நிறுத்த 87 நாள் ஆயிற்று. இந்த அறிக்கையோ சில வாரங்களில் மூடிவிடலாம் என்றது. கிணற்றின் வாயை அடைக்கும் பெருமூடி மேற்குக் கரையில், சால்டானா வளைகுடாவில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கப்பலேற்றி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கொண்டுவந்து, அகுல்லாஸ் நீரோட்டத்தின் வேகத்திலும் இறக்க வேண்டும். காகிதத்தில் இது எளிதுதான்!

‘எண்ணெய் வேண்டாம்’ என்ற பொதுவான கடிதங்களுக்கு ஒரே மாதிரிப் பதில் கிடைத்தது. பக்க எண்ணைச் சுட்டி நான் கேட்டவற்றுக்குத் தனித்தனியே பதில் தரவேண்டியதாயிற்று. இறுதி அறிக்கையில் குளிர்காலக் கணிப்பைத் தனியே சேர்த்தார்கள். மூடிக்கான நாட்கணக்கை மட்டும் மாற்றவில்லை. அனுமதி வழங்கப்பட்டால் அறிவிப்பு அனுப்பப்பட்ட 20 நாளுக்குள் மேல்முறையீடு செய்யவேண்டும் என்பதால், அந்த ஒரு கேள்வியை முன்வைத்தே மனுவை எழுதி வைத்திருக்கிறோம்.