பனிக்காலத்தில் மியூல் மானுக்குச் சோளம் போடாதீர்கள்

பனி மூடிய சரிவில் விலா எலும்பு தெரிய நிற்கும் மானைப் பார்த்தால், ஒரு மூட்டை சோளத்தைக் கொண்டுபோய்க் கொட்டத்தான் யாருக்கும் மனம் வரும். கொட்டினால் வயிறு நிறைந்தபடியே செத்துக் கிடக்கும். அந்தப் பருவத்தில் அதன் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் காய்ந்த குச்சியைச் செரிக்கப் பழகியவை. திடீரென்று மாவுச்சத்து வந்து விழுந்தால் அது புளித்து லாக்டிக் அமிலமாகிறது. அமிலம் ரத்தத்துக்கு ஏறினால் சில நாள்களில் ஆள் காலி. தப்பித்தவையும் ஒரே குவியலில் வாய் வைப்பதால் சிடபிள்யூடி என்ற மூளைச் சிதைவு நோய் பரவ வழி கிடைக்கிறது. எச்சில், சிறுநீர், புழுக்கை வழியே வெளிவரும் அதன் பிரியான் என்ற நோய் பரப்பும் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கும்.

கோவேறு கழுதைபோல் நீண்ட காதுள்ள இந்த மேற்கு அமெரிக்க மான், குளிர்காலத்தில் கொழுக்க முயல்வதே இல்லை. கோடையில் மலை உச்சியில் சேர்த்த கொழுப்பைச் சிறுகச் சிறுகச் செலவழித்து வசந்தம்வரை ஓட்டுகிறது. நன்றாகத் தின்றாலும் எடையில் ஐந்தில் ஒரு பங்குவரை கரைந்துவிடும். சரிவில் தானாகக் கிடைக்கும் தீவனம் அந்தக் கரைதலை மெதுவாக்குகிறது, அவ்வளவுதான். ஆகவே ஒரு குளிர்கால வாழிடம் நல்லதா என்று பார்க்கும்போது, அங்கே எவ்வளவு தீவனம் இருக்கிறது என்பதோடு நிறுத்தக் கூடாது. அந்த மானை எவை எவை வீணாக ஓட வைக்கின்றன என்றும் எண்ண வேண்டும்.

தீவனத்தில் முதலிடம் சேஜ்பிரஷ் புதருக்கு. நம் மருக்கொழுந்தின் பேரினம்தான். கசக்கினால் மணமே காட்டிக்கொடுக்கும். காய்ந்த புல்லில் புரதம் மிகக் குறைவு, இதில் குளிர்காலத்திலும் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் அந்த மணம் தரும் எண்ணெயே இரைப்பை நுண்ணுயிர்களை முடக்குவதால் இதை மட்டும் தின்று மான் வாழ முடியாது. பிட்டர்பிரஷ், மலை மஹோகனி போன்ற புதர்களின் நுனிக்குச்சிகளையும் கலந்தே மேயும்.

ஒரு புதரை மான் மேய்ந்ததா முயல் மேய்ந்ததா என்று குச்சியே சொல்லும். மானுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. பிய்த்து இழுக்கும், முனை நார் நாராகக் கிழிந்திருக்கும். முயல் கடித்த முனை கத்தியால் சாய்வாகச் சீவியதுபோல் இருக்கும். மேய்ந்த நுனிகள் அந்த ஆண்டு வளர்ச்சியா, பழைய தடித்த கட்டையா என்பதையும் பாருங்கள். கட்டை வரை கடித்திருந்தால் அந்தச் சரிவில் மான் அதிகம், புதர் போதவில்லை என்று பொருள்.

பனியின் ஆழம் 25 முதல் 30 சென்டிமீட்டரைத் தாண்டினாலே நடை கனக்கும். அரை மீட்டரை நெருங்கினால் அந்த இடத்தையே விட்டுவிடும். அதனால்தான் வெயில் விழும் தெற்குச் சரிவுகளிலும் காற்று பனியை வாரிக்கொண்டு போகும் முகடுகளிலும் கூட்டம் ஒடுங்குகிறது. வரைபடத்தில் பரந்து தெரியும் குளிர்கால நிலம், மோசமான ஆண்டில் சில சரிவுகளாகச் சுருங்கிவிடும். 2022-23 குளிர்காலத்தில் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், வயோமிங் மலைத்தொடர்க் கூட்டத்தில் கழுத்துப்பட்டை மாட்டிக் கண்காணித்த குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. குட்டி வளரும் உடம்பு. கொழுப்புச் சேமிப்பும் குறைவு, காலும் குட்டை.

இந்தச் சரிவுகளுக்கு வந்து சேரும் பாதை சில கூட்டங்களுக்கு மிக நீளம். வயோமிங்கில் ரெட் டெசர்ட் பாலைநிலத்திலிருந்து ஹோபாக் படுகை வரை சுமார் 240 கிலோமீட்டர் வலசை நடப்பதை உயிரியலாளர் ஹால் சாயரின் ஆய்வு 2014-இல் வெளிக்கொண்டு வந்தது. வசந்தத்தில் பனி உருகும் வரிசையிலேயே துளிர்க்கும் பசுமையைத் தொடர்ந்து மலை ஏறுகின்றன. இது விடாத நடை அல்ல. வலசைக் காலத்தின் பெரும்பகுதி வழியில் உள்ள மேய்ச்சல் தங்கல்களில்தான் கழிகிறது. எனவே பாதையைக் காக்கிறோம் என்று நடக்கும் கோட்டினை மட்டும் காத்துத் தங்கல்களை விட்டுவிட்டால் பாதி வேலைகூட ஆகவில்லை. வளர்ந்த பெட்டை ஆண்டுதோறும் நினைவில் உள்ள அதே வழியில்தான் போகும்; அடைத்துவிட்டால் வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும் என்பது வீண் நம்பிக்கை. அதே மாநிலத்தின் பைன்டேல் பகுதி எரிவாயு வயல்களில் துளையிடல் தொடங்கி 15 ஆண்டுக்குப் பிறகும் மான்கள் கிணற்றுத் தளங்களை ஒதுங்கியே போயின.

கையால் சரிசெய்யக் கூடியது வேலி. மான் தாண்டும்போது பின்னங்கால் மேல் இரண்டு கம்பிகளுக்கு நடுவே நுழைந்து முறுக்கிக்கொள்ளும். அங்கேயே தொங்கிச் சாகும். மேல்கம்பி தரையிலிருந்து 1 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அதற்கும் அடுத்த கம்பிக்கும் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். குட்டிகள் குனிந்து போக அடிக்கம்பி 40 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மேலும் கீழும் முள் இல்லாத கம்பி. தொய்ந்த கம்பிதான் அதிகம் சிக்க வைக்கும். மற்ற எதையும் மாற்ற முடியாவிட்டாலும் இழுத்துக் கட்டிவிடுங்கள். மாடு இல்லாத மாதங்களில் கதவைத் திறந்தே போடலாம்.

அடுத்த தொல்லை, உதிர்ந்த கொம்பு பொறுக்க வருபவர்கள். மானின் கொழுப்பு தீரும் தறுவாயில் நாயோடும் பனி வண்டியோடும் சரிவில் ஏறுவார்கள். வயோமிங்கில் கண்டப் பிரிகோட்டுக்கு (ஆறுகள் எந்தப் பக்கக் கடலுக்கு ஓடும் என்று பிரிக்கும் மலை முகட்டுக் கோடு) மேற்கேயுள்ள பொது நிலத்தில் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை இருப்பது இதனால்தான். மான் ஓடினால்தான் தொந்தரவு என்றில்லை. மேய்ச்சலை நிறுத்தி இரண்டு காதையும் உங்கள் பக்கம் திருப்பியதுமே நீங்கள் அருகில் வந்துவிட்டீர்கள். வந்த வழியே திரும்புங்கள்.

எரிந்துபோன சரிவில் சேஜ்பிரஷ்ஷை மீட்பது தனிப் பாடு. தூரிலிருந்து மீண்டும் துளிர்க்காது, விதையிலிருந்துதான் வர வேண்டும். விதையோ தூசிபோல் சிறிது. ஆழமாகப் புதைத்தால் முளைக்காது. பின்பனிக்கு முன்பே மேற்பரப்பில் தூவி, பனியே அழுத்தி மண்ணில் பதிக்க விடுவார்கள். பழைய விதை சீக்கிரம் உயிரிழப்பதால் அந்தப் பருவத்தில் சேகரித்ததையே வாங்க வேண்டும். இத்தனையும் சரியாகச் செய்தும் தோற்பது பெரும்பாலும் சீட்கிராஸ் புல்லால்: அது இலையுதிர்காலத்திலேயே முளைத்து வேர் இறக்கிவிடும், சேஜ்பிரஷ் நாற்று கண் திறக்கும்போது மேல்மண்ணில் ஈரம் மிச்சம் இருக்காது.