தீம் வடிவுதான், அகலப் பெட்டியைத்தான் காணோம்

கல்யாண அழைப்பிதழ், பூப்புனித நீராட்டு விழா அட்டை, முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்கிற நினைவு மலர். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே நான் வடிவமைத்துக் கொடுப்பவை இவைதான். எல்லாம் இன்க்ஸ்கேப் என்ற வரைகலைச் செயலியில், லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தில். லப்டொப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய பழையது. திரை 1366க்கு 768 பிக்சல். கீழே வரும் சண்டை முழுவதும் இந்த இரண்டு எண்களுக்குள் நடந்ததுதான்.

பெறாமகன் வந்து நின்றபோது, "சித்தி, உங்கட கொம்பியூட்டர் பழைய கந்தோர் மாதிரிக் கிடக்கு" என்று சொல்லி, திரையின் தோற்றத்தை மாற்றும் தீம் ஒன்றை இறக்கிப் போட்டுவிட்டுப் போனான். கருநீலப் பின்னணி, உருண்ட விளிம்பு, கொழுத்த பொத்தான்கள். பொய் சொல்லக்கூடாது, வடிவாகத்தான் இருந்தது. அப்புறம் ஓர் அழைப்பிதழைத் திறந்து, சட்டத்தை 5க்கு 7 அங்குலம் ஆக்கலாம் என்று மேல்பட்டைக்குப் போனால் எக்ஸ் இருக்கிறது, வை இருக்கிறது, அகலமும் உயரமும் இல்லை. பட்டையின் கடைசியில் ஒரு சின்ன அம்புக்குறி. அதை அழுத்தினால் இரண்டு பேரும் உள்ளே ஒளிந்திருக்கிறார்கள். வலப்பக்கப் பலகம் வீங்கி, தாள் தெரிய வேண்டிய இடத்தில் பாதியைத் தின்றிருந்தது. வேறொரு செயலியின் அமைப்புப் பெட்டியில் 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய்விட்டது. ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு பெட்டியை மேலே இழுத்துத்தான் அதை அழுத்த வேண்டியிருந்தது.

தீம் என்றால் நிறம், படம், எழுத்துரு என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். ஜி.டி.கே. என்பது லினக்ஸ் செயலிகளுக்குப் பொத்தான், பெட்டி, சாளரமெல்லாம் கொடுக்கும் நிரல்தொகுப்பு. அதன் 3ஆம் பதிப்பில் எழுதிய செயலிகளில் தீம் என்பது தோற்றத்தை விவரிக்கும் ஒரு சி.எஸ்.எஸ். கோப்பு. இணையப் பக்கத்துக்கு எழுதுவது போலவே நிறமும் அதற்குள்தான், அளவும் அதற்குள்தான். 2016இல் வந்த 3.20 பதிப்பிலிருந்து குறைந்தபட்ச அகலம், குறைந்தபட்ச உயரம் என்ற இரண்டையும் தீமே சொல்லலாம். (அதே பதிப்பில் பொத்தான், பெட்டி போன்ற உறுப்புகளுக்கு சி.எஸ்.எஸ்.ஸில் இருந்த பெயர்களும் மாறின. அதற்கு முன் எழுதிய தீம்கள் கூட்டமாக உடைந்தது அப்போதுதான்.) அதிகபட்ச உயரம் என்று ஒன்று அங்கே கிடையாது. "இதற்கு மேல் போகாதே" என்று சொல்ல வழியில்லை.

கணக்கைப் பாருங்கள். ஜி.டி.கே.யின் சொந்தத் தீமான அத்வைதாவில் சாதாரணப் பொத்தானின் குறைந்தபட்ச உயரம் 24 பிக்சல். மேலும் கீழும் உள்ளிடைவெளி 4, 4. விளிம்புக்கோடு 1, 1. மொத்தம் 34. பெறாமகனின் தீமைத் திறந்து பார்த்தேன். அதில் 32, உள்ளிடைவெளி 8, 8, கோடு 1, 1. மொத்தம் 50. ஒரு வரிசைக்கு 16 பிக்சல் கூடுதல் என்றால் பத்து வரிசை உள்ள பெட்டி 160 பிக்சல் நீளும். ஒவ்வொரு உறுப்பும் தனக்கு ஆகக் குறைந்தது இவ்வளவு வேண்டும் என்று கேட்கும். சாளரம் அவற்றைக் கூட்டிப் பார்க்கும். அந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே அதைச் சுருக்கவே முடியாது. பெரிய திரையில் இது கண்ணில் படாது. 768இல் 'சரி' தொலைகிறது.

இன்க்ஸ்கேப் மற்றவற்றைவிட மோசமாக அடிபடக் காரணம் அதன் எண்பெட்டிகள். 2020இல் வந்த 1.0 பதிப்பில்தான் அது ஜி.டி.கே. 3க்கு மாறியது. அங்கே எண்பெட்டியின் கழித்தல், கூட்டல் பொத்தான்கள் ஒன்றின் மேல் ஒன்றாக இல்லாமல் பக்கம் பக்கமாக நிற்கும். பொத்தானுக்குத் தீம் கொடுக்கும் கொழுப்பு ஒரு பெட்டிக்கு இரண்டு தடவை சேரும். மேல்பட்டையில் அப்படி நாலு பெட்டி.

தமிழ் இடைமுகம் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு சுற்றுக் கூடுதல். நம் சொற்கள் நீளம். தீம் கேட்கும் எழுத்துருவில் பெரும்பாலும் தமிழ் இருக்காது. அப்போது நோட்டோவோ லோகித்தோ மாற்று எழுத்துருவாக வந்து நிற்கும், வரி உயரமும் அதற்கேற்ப ஏறும். தீம் செய்பவர் இதையெல்லாம் பார்த்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் அளவைத் தொடாமல் விட்டிருக்கலாமே என்றுதான் எனக்கு வருகிறது.

2019இல், ஜி.டி.கே.யை வைத்துக் கட்டிய க்னோம் என்ற லினக்ஸ் மேசைத்தளத்துக்குச் செயலிகள் எழுதும் சிலர் சேர்ந்து, தயவுசெய்து எங்கள் செயலிகளுக்குத் தீம் போடாதீர்கள் என்று ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார்கள். அது மின்ட் போன்ற லினக்ஸ் வினியோகங்களுக்கு எழுதியது, சொந்தக் கணினியை நோண்டுபவர்களுக்கு அல்ல. அப்போது கோபமாக வாசித்தேன், இப்போது பாதி ஒத்துப்போகிறேன். மறுபாதி ஒத்துப்போகாததற்குக் காரணம் க்னோம்காரர்களின் புதிய நிரல்தொகுப்பான லிப்அத்வைதா. அதில் எழுதிய செயலிகள் நாம் தெரிவு செய்யும் தீமைக் கண்டுகொள்வதே இல்லை. மின்ட்காரர்கள் 22ஆம் பதிப்பில் கணிப்பான், ஸ்கேனர் போன்ற சில க்னோம் செயலிகளைப் பழைய ஜி.டி.கே. 3 பதிப்புக்கே திருப்பிவிட்டது இதனால்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

சரி, தீர்வு. ஒரேயொரு செயலிதான் தொல்லை என்றால், செயலி தொடங்கும்போது படிக்கும் GTK_THEME என்ற சூழல் மாறியில் அத்வைதா (Adwaita) என்று கொடுத்து அதை மட்டும் தொடங்கலாம். இன்க்ஸ்கேப்பின் விருப்பங்களிலேயே தீம் மாற்றவும் இடமுண்டு. எனக்கு நிறம் வேண்டும், கொழுப்பு வேண்டாம். அதனால், ஓடிக்கொண்டிருக்கும் செயலியின் தோற்றத்தை அங்கேயே மாற்றிப் பார்க்க உதவும் ஜி.டி.கே. இன்ஸ்பெக்டரைத் திறந்தேன். அதன் சி.எஸ்.எஸ். பகுதியில் எண்பெட்டிப் பொத்தானின் குறைந்தபட்ச அகலம் 16, பக்க உள்ளிடைவெளி 2 என்று எழுதி முடிக்கும்போதே வலப்பக்கப் பலகம் கண்முன்னே சுருங்கியது, மேல்பட்டையில் அகலமும் உயரமும் வெளியே வந்து உட்கார்ந்தன. சாதாரணப் பொத்தானையும் அத்வைதாவின் 24க்கும் 4க்கும் இறக்கினேன்.

அதையே வீட்டு அடைவில் கொன்ஃபிக் கோப்புறையில் இருக்கும் என் சொந்த ஜி.டி.கே. சி.எஸ்.எஸ். கோப்பில் போட்டுவிட்டேன். ஜி.டி.கே. தீமுக்குக் கொடுக்கும் முன்னுரிமை 200, செயலியின் சொந்த விதிகளுக்கு 600, பயனரின் கோப்புக்கு 800. பெரிய எண்தான் வெல்லும். ஆகவே தீம் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை என்னுடையது. ஒன்றைக் கவனியுங்கள், அளவைக் குறைக்கிறேன் என்று உறுப்பைச் சுற்றியுள்ள வெளியிடைவெளியில் கழித்தல் எண் போடாதீர்கள். சில தீம்கள் அதைச் செய்கின்றன. உறுப்புக்கு மிஞ்சும் இடம் பூச்சியத்துக்குக் கீழே போனால், உள்ளடக்க அகலம் எதிர்மறை என்று டெர்மினல் முழுக்க எச்சரிக்கை கொட்டும்.

பக்க வடிவமைப்புச் செயலியான ஸ்கிரைபஸ், ஜி.டி.கே. போன்ற இன்னொரு நிரல்தொகுப்பான க்யூ.டி.யில் எழுதியது, அதனால் இந்தக் கோப்பு அதைத் தொடவே தொடாது. அங்கே அளவை முடிவு செய்வது க்யூ.டி. ஸ்டைல், அதை மாற்றாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

பெறாமகன் இன்னொரு தீம் அனுப்பியிருக்கிறான், மண்ணிறமாம். முதலில் அதன் கோப்பில் குறைந்தபட்ச உயரத்தைத் தேடிப் பார்ப்பேன். 24க்குப் பக்கத்தில் என்றால் வரட்டும். 40 என்றால் அது அவனுடைய லப்டொப்பிலேயே கிடக்கட்டும்.