மஞ்சப்பையில் தொங்கிய முடுக்கமானி

மேலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் தனி ஊசல் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நூல், குண்டு, நிறுத்துக்கடிகாரம், 20 அலைவு. பிள்ளைகள் ஈர்ப்பு முடுக்கமான ஜி-யின் விடையை முதலிலேயே 9.8 என்று வைத்துக்கொண்டு அட்டவணையைப் பின்னாலிருந்து நிரப்பிவிடுவார்கள். நான் படிக்கும்போதும் அதைத்தான் செய்தேன் என்பதால் திட்டவும் வாய் வராது. முடுக்கத்தை நேரடியாகவே அளக்கும் முடுக்கமானி கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும்போது நூலும் கடிகாரமும் எதற்கு என்று ஒரு வருஷம் தோன்றியது. அந்த நினைப்பில் கிளம்பிப் பட்ட பாடு இது.

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு கடையில் ஜிஒய்-521 என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய நீலப் பலகை, அதன் நடுவில் எம்பியு-6050 என்ற சில்லு. 200 ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. அந்தச் சில்லுக்குள் சிலிக்கானிலேயே செதுக்கிய நுண்ணிய நிறை ஒன்று வில்போன்ற இழைகளில் தொங்குகிறது. நிறை நகர்ந்தால் பக்கத்துத் தகடுகளுக்கு இடையே மின்தேக்குத்திறன் மாறும், அதை எண்ணாக்கித் தரும். மூன்று அச்சுக்கு முடுக்கம், மூன்று அச்சுக்குச் சுழற்சி வேகம். அந்த எண்களை வாசித்துக் கணினிக்கு அனுப்ப அர்டுயினோ ஊனோ என்ற நிரலெழுதும் பலகை என்னிடம் ஏற்கெனவே இருந்தது.

"பின்னு தனியா இருக்கு டீச்சர், பத்த வச்சுக்கங்க" என்று கடைக்காரர் சொன்னார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பின்னைத் துளையில் செருகி, மின்சாரத்துக்கு இரண்டு கம்பி, தரவுக் காலான எஸ்டிஏ-வை அர்டுயினோவின் ஏ4-க்கும் துடிப்புக் காலான எஸ்சிஎல்-லை ஏ5-க்கும் கொடுத்து ஓடவிட்டால் திரை முழுக்க −1, −1, −1. ஒரு மாலை முழுக்க நிரலில் பிழை தேடினேன். சில்லு பதிலே சொல்லாதபோது அர்டுயினோ வாசிக்கும் எண் −1 என்பது பிறகுதான் தெரிந்தது. ஊரில் டிவி ரிப்பேர் பார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். "இம்புட்டுக்காண்டு சாமானுக்கு எட்டுக் காலா?" என்று கேட்டுக்கொண்டே ஐந்து நிமிஷத்தில் ஈயம் வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

அடுத்த நாள் −1 போய் 0, 0, 0 வந்தது. இந்தச் சில்லு மின்சாரம் வந்தவுடன் தூங்கும் நிலையில்தான் விழிக்கும். நிரலின் தொடக்கத்திலேயே அதன் மின்சக்திப் பதிவேட்டில் சைபர் எழுதி எழுப்பிவிட வேண்டும். ஒரே ஒரு வரி. பதினொன்றாம் வகுப்புக் கடைசி பெஞ்சை எழுப்ப இதைவிட நேரமாகும்.

எழுந்ததும் மேசைமேல் படுக்கவைத்தால் நிமிர்ந்த அச்சில் 17,120 என்றது. ±2 ஜி அளவில் ஒரு ஜி-க்கு 16,384 வரவேண்டும். கவிழ்த்து வைத்தால் −15,780. இரண்டுக்கும் நடுப்புள்ளி 670, அதுதான் பூச்சியப் பிழை. வித்தியாசத்தில் பாதி 16,450, அதுதான் இந்தக் கருவிக்கு உண்மையான ஒரு ஜி. சாக்பீஸ் டப்பாவில் பலகையை ஒட்டி, டப்பாவை ஆறு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து மூன்று அச்சுக்கும் இப்படி எடுத்தோம். திருகு அளவியில் பூச்சியப் பிழை பார்ப்பதை வேண்டாவெறுப்பாகச் செய்யும் பிள்ளைகள் இதற்கு மட்டும் சண்டை போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

அங்கேதான் முதல் கேள்வி வந்தது. "சும்மாதான மிஸ் கிடக்கு, அதுக்கு எதுக்கு ஒரு ஜி முடுக்கம்?" மேசை அதை மேலே தள்ளுகிறது, உள்ளே இருக்கும் நிறைக்கு அது தெரிகிறது என்று சொன்னேன். புரிந்த மாதிரி தலையாட்டினார்கள். நானும் புரிந்த மாதிரிதான் சொல்லியிருந்தேன்.

அப்புறம் கீழே போட்டுப் பார்த்தோம். விளையாட்டு அறையிலிருந்து உயரம் தாண்டும் மெத்தை, நீளமான யூஎஸ்பி கம்பி, 1.25 மீட்டர் உயரம். விழும் நேரம் அரை நொடிதான். அர்டுயினோ கணினிக்கு எவ்வளவு வேகமாக எண்களை அனுப்புகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. நொடிக்கு 9600 பிட் வேகத்தில், எழுத்துக்கு 10 பிட், வரிக்கு 30 எழுத்து என்றால் நொடிக்கு 32 வரிதான் வரும். ஒரு வரி முன்னே பின்னே போனால் நேரத்தில் 6 சதவீதம் பிசகும், ஜி-யில் அது 12 சதவீதம். வேகத்தை 115200 ஆக்கி, நொடிக்கு 200 அளவு வருமாறு மாற்றியபின் 0.51 நொடி கிடைத்தது. கணக்குப் போட்டால் 9.6. மெத்தையில் மோதும்போது வரைபடத்தின் தலை வெட்டினாற்போல் தட்டையாக நின்றது, 2 ஜி-க்கு மேல் அதனால் காட்ட முடியவில்லை. வீச்சை ±8 ஜி-க்கு மாற்றினோம். மாற்றும்போது ஒரு ஜி 4,096 ஆகிவிடும் என்பதை மறந்து, மேசைமேல் கிடக்கும் பலகை கால் ஜி காட்டுகிறதே என்று திகைத்தது தனிக்கதை.

விழுந்துகொண்டிருக்கும் அந்த அரை நொடியில் மூன்று அச்சிலும் சைபர். "விழுறப்பதான் மிஸ் முடுக்கமே இருக்கு. அப்பப் போயி ஒண்ணுமில்லைங்குது, கிடக்குறப்ப ஒரு ஜிங்குது. தலைகீழா இருக்கு" என்றான் ஒருவன். கூரையிலிருந்து விழுகிறவனுக்குத் தன் எடை தெரியாது என்று 1907-இல் ஐன்ஸ்டைனுக்குத் தோன்றியதையும், பாடப்புத்தகத்தில் லிஃப்ட் கயிறு அறுந்த படத்தையும் சேர்த்துச் சொன்னேன். ஈர்ப்பு சில்லின் உடம்பையும் உள்ளே தொங்கும் நிறையையும் ஒரே மாதிரி இழுக்கிறது, இரண்டுக்கும் நடுவில் வித்தியாசமே வராது, அதனால் கருவிக்கு ஈர்ப்பு தெரியாது. தெரிவது மற்ற விசைகள் மட்டும். சொல்லிவிட்டேனே தவிர, அது எனக்கே உடம்பில் ஏறவில்லை என்பது ஊசலில் தெரிந்தது.

ஊசலுக்கு அர்டுயினோ சரிப்படவில்லை. யூஎஸ்பி கம்பியின் விறைப்பே ஊசலைப் பிடித்து இழுத்து நான்கு ஆட்டத்தில் நிறுத்திவிடுகிறது. அதனால் போனுக்கு மாறினோம். ஜெர்மனியில் ஆஹன் நகரத்து ஆர்டபிள்யூடிஹெச் பல்கலைக்கழகத்தார் 2016-இல் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற செயலி இலவசம். போனுக்குள் இருக்கும் முடுக்கமானியின் எண்களை அப்படியே காட்டும். ஹாட்ஸ்பாட் போட்டு இணைத்தால், போன் ஆடிக்கொண்டிருக்கும்போதே மடிக்கணினியில் வரைபடம் ஓடும். அதில் "ஜி உடன்", "ஜி இல்லாமல்" என்று இரண்டு வகை முடுக்கம் உண்டு. இரண்டாவது, சுழற்சி உணரியின் துணையோடு ஈர்ப்பை ஊகித்துக் கழித்த கணக்கு. நேராக அளந்தது வேண்டுமென்றால் "ஜி உடன்" எடுத்துக்கொள்வதே நல்லது.

பிள்ளைகள் போன் கொண்டுவரக் கூடாது, ஆகவே தொங்கியது என்னுடையது. மஞ்சப்பையைப் போன் அளவுக்குத் தைத்து, நிமிர்த்தி உள்ளே வைத்து, திருகிக்கொள்ளாமலிருக்க இரண்டு நூலில் வராந்தா உத்தரத்தில் கட்டினோம். உத்தரத்திலிருந்து போனின் எடைமையம்வரை 1.20 மீட்டர். கீழே ஒரு தலையணை. அது பயத்துக்கு.

30 டிகிரி அளவுக்கு இழுத்து விட்டோம். பை அங்கிட்டும் இங்கிட்டும் அழகாக ஆடுகிறது. ஆட்டத்தின் திசையிலுள்ள அச்சில் பெரிய அலை வரும், ஓரங்களில் அதிகபட்சம் வரும் என்று கரும்பலகையில் முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தேன். திரையில் அந்த அச்சு சைபரை ஒட்டி முணுமுணுத்துக்கொண்டு கிடந்தது. அளவு சரியில்லை என்றேன். போனை மறுதொடக்கம் செய்தேன், பையைத் திருப்பிக் கட்டினேன், செயலியை அழித்து மறுபடி ஏற்றினேன். மணி அடித்துவிட்டது. சாயங்காலம் மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, போன் கெட்டுவிட்டது என்றே முடிவுகட்டியிருந்தேன்.

மறுநாள் ஒரு பொண்ணு, வகுப்பில் அதிகம் பேசாதவள், நூலைத் தொட்டுக்காட்டிச் சொன்னாள்: "நூலு இழுக்குறது நூல் பக்கமாத்தான மிஸ்? குறுக்க அதை யாரும் பிடிச்சுத் தள்ளலையே. அப்ப அந்தப் பக்கம் அது விழுற மாதிரிதான்."

அவ்வளவுதான் விஷயம். ஊசலை ஆட்டத்தின் திசையில் முடுக்குவது ஈர்ப்பு மட்டும், ஈர்ப்பு கருவிக்குத் தெரியாது. முந்தின வாரம் நானே சொன்ன பாடம். நூலின் இழுவிசை மட்டும்தான் தெரியும், அது நூல் திசை அச்சில் இருக்கிறது. அந்த அச்சில் ஓரத்தில் ஜி பெருக்கல் காஸ் 30, அதாவது 8.5, அடியில் ஜி-யோடு மையநோக்கு முடுக்கமும் சேர்ந்து 12.4 வரவேண்டும். திரையில் பார்த்தால் ஏறக்குறைய அதுவே. சரிவின் மேலிருந்து உருட்டிய தள்ளுவண்டியில் போனை வைத்துப் பார்த்தபோதும் இதே கதை. ஜி சைன் கோணம் வரும் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது சக்கரத்தின் உராய்வு மட்டும்.

நூல் திசை வரைபடத்தில் முகட்டுக்கு முகடு 1.12 நொடி. அதை ஊசல் வாய்ப்பாட்டில் போட்டு ஜி கண்டவன் எழுந்து நின்று, "37.8 மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. வியாழன் கோளில்கூட அவ்வளவு இல்லை என்று நானும் சேர்ந்து சிரித்தேன். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்று ஒரு முழு அலைவில் பை இரண்டு தடவை அடிப்புள்ளியைக் கடக்கிறது. அலைவு நேரம் 2.24 நொடி, ஜி 9.44. இன்னும் குறைவுதான். கோணம் பெரிதானால் அலைவு நேரமும் கூடும். சிறிய கோணம் என்று புத்தகம் போட்டிருக்கும் நிபந்தனையை முதன்முறையாக ஒரு காரணத்தோடு படித்தார்கள். 10 டிகிரிக்குக் குறைத்து 20 அலைவு எடுத்ததில் 44.1 நொடி, ஜி 9.74.

மதுரை அட்சரேகைக்கு எதிர்பார்க்கும் மதிப்பு 9.78. நூல் நீளத்தில் அரை சென்டிமீட்டர் பிசகினாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். பதிவேட்டில் 9.8 என்று போட்டுக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். வந்ததைப் போடு என்றேன். போட்டாள், மனசில்லாமல்.

சித்திரைப் பொருட்காட்சி முடிந்து பள்ளி திறந்ததும், 37.8 சொன்னவன் அப்பா போனில் எடுத்த ஒரு படத்தைக் கொண்டுவந்து காட்டினான். கப்பல் ராட்டினத்தில் நடு சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, போனை ஜிப் போட்ட பைக்குள் வைத்து அளந்திருக்கிறான். ஓரத்து சீட்டு என்றால் கோணம் மாறுமாம். அதிகபட்சம் 18.3, குறைந்தது 5.1. "மேல போயி நிக்கிறப்பதான் மிஸ் 5.1. அடிவயிறு கலங்குச்சே, அங்க." 5.1-ஐ 9.78-ஆல் வகுத்து, மடக்கை அட்டவணைப் புத்தகத்தில் காஸ் பக்கத்தைப் பார்த்து, கப்பல் ஏறிய கோணம் 58 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் என்று பின்பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தான். ராட்டினக்காரர் எண்பது என்று சொன்னாராம்.